கணுக்காலைப் பிடித்துக்கொண்டு செய்த ஜெபம்

சபைக் குடும்பத்தாரே, நான் பிறவியிலேயே பயந்தாங்கொள்ளி. பல்லி விழுந்தாலும் ஆண்டவரைக் கூப்பிடுகிறவள். ஆனால் நான் சொல்ல வந்த பயம் வேறு. அது இரண்டு வருடம் என்னோடு சாப்பிட்டு, என்னோடு வேலைக்கும் வந்தது.

நாங்கள் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. மூத்த மகள் ரூத், இளையவள் எஸ்தர். இருவருமே பள்ளி வாலிபால் டீமில் ஆடியவர்கள்.

2004ஆம் வருடம். ரூத் அப்போது பத்தாம் வகுப்பு. பந்தை அடிக்க எம்பியவள் ஒற்றைக்காலில் இறங்கினாள். முழங்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. யாரும் அவளைத் தொடக்கூட இல்லை. கால் வீங்கிப்போனது. முட்டைப் பற்றுப் போட்டுக் கட்டினோம். எண்ணெய் பூசி ஜெபித்தேன். மூன்று வாரத்தில் வீக்கம் வடிந்தது. அவசரக்காரி நான், அந்த ஞாயிறே ஆராதனையில் எழுந்து, மகள் பூரண சுகமானாள் என்று சாட்சி சொன்னேன். நீங்களெல்லாம் கைதட்டினீர்கள்.

சாட்சி சொன்ன பிறகு அவள் நொண்டினால் சபை என்ன நினைக்கும்? மறுநாளே கட்டை அவிழ்த்து மைதானத்துக்கு அனுப்பினேன்.

"யம்மா, முட்டு நழுவுத மாதிரி இருக்கும்மா" என்றாள்.

"அவிசுவாசமாப் பேசாதட்டி" என்று அதட்டினேன்.

அன்று மாலை அதே கால் மறுபடி மடங்கியது. கோயம்புத்தூர் டாக்டர் ஸ்கேன் எடுத்துப் பார்த்து, மூட்டு ஜவ்வு முழுதாக அறுந்துவிட்டது என்றார். முதலிலேயே காட்டியிருந்தால் இவ்வளவு சேதம் இருந்திருக்காது என்றும் சொன்னார். ஆபரேஷன் ஆனது. ரூத் நடந்தாள். விளையாடவில்லை. அவள் காலைக் கெடுத்தது நான்தான்.

2006இல் எஸ்தர் டீமுக்கு வந்தாள். அக்காவைப் போலவே எம்பினாள். கம்பெனி ஆபீசில் போன் அடித்தாலே பள்ளியிலிருந்துதான் என்று கை வேலையை விட்டுவிடும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெள்ளிதோறும் உபவாசமிருந்து, "ஆண்டவரே, இவளை டீமிலிருந்து தள்ளிவிடும்" என்று ஜெபித்தேன்.

அவர் தள்ளவில்லை. ஒரு மாலை, புதிதாக வந்த பி.டி. டீச்சரை வீட்டுக்கே அனுப்பினார்.

"ஏனுங்க அக்கா, பாப்பா குதிச்சு எறங்கறப்ப முட்டி உள்ள சாயுதுங்க. பெரிய பொண்ணுக்கும் இப்பிடித்தான் ஆச்சுங்களா?"

"இன்னையோட நிறுத்திருதேன் டீச்சர்" என்றேன்.

"நிறுத்த வேண்டாமுங்க. எறங்கப் பழகோணுங்க."

இரண்டு காலிலும், முட்டியை மடக்கி, சத்தமில்லாமல் இறங்கச் சொல்லிக்கொடுத்தார். ஒற்றைக்காலில் ஆடாமல் நிற்க வைத்தார். இன்னொரு பயிற்சி தொடையின் பின்பக்கத்துக்கு. மண்டியிட்டு, உடம்பை வளைக்காமல் மெதுவாக முன்னால் சாய வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க வேண்டும்.

"வாரத்துல மூணு நாளுங்க. பாதியில உட்டுப்போட்டா பிரயோசனமில்லீங்க. புடிக்க ஊட்டுல ஒரு ஆள் வேணுங்க."

"இதைச் செஞ்சா ஒண்ணும் ஆகாதா டீச்சர்?"

"அப்பிடிச் சொல்ல மாட்டனுங்க அக்கா. அடிபடறது குறையுமுங்க."

அந்த உண்மையைக் கேட்டுப் பயம் கூடத்தான் செய்தது. ஆனாலும் குடும்ப ஜெபம் முடிந்ததும் எஸ்தர் மண்டியிடுவாள், நான் கணுக்காலைப் பிடிப்பேன். என் ஜெபமும் மாறியது. "ஆண்டவரே, என் கை வழுக்காமல் பாரும்" என்று மட்டும்தான் வந்தது.

ஒருநாள் பார்த்துக்கொண்டிருந்த ரூத் கேட்டாள்: "அன்னைக்கு நான் முட்டு நழுவுதுன்னு சொன்னப்ப ஏம்மா நம்பல?"

அன்றுதான் முதல்முறையாக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அரைப்பரீட்சைக்கு முன் அவிநாசியில் மேட்ச். லீவு போட்டுவிட்டு ரூத்தோடு போனேன். கடைசி செட்டில் எஸ்தர் எம்பினாள். அவள் அந்தரத்தில் இருக்கும்போதே, கூட ஆடுகிற பெண் ஒருத்தி வந்து இடித்தாள். எஸ்தர் பக்கவாட்டில் சாய்ந்து விழுவதைப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். அலறல் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

"கண்ணத் திறம்மா! ரெண்டு காலையும் ஊன்றிட்டா" என்று ரூத் என் தோளை உலுக்கினாள்.

எஸ்தர் குத்தவைத்த மாதிரி இறங்கியிருந்தாள். எழுந்து டவுசரில் கையைத் துடைத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றுகொண்டாள். மேட்ச் தோற்றுப்போனது. நான் மட்டும் ஜெயித்தவளைப் போல அழுதேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் ஜெபத்தில் கேட்டதே இல்லை. கேட்க எனக்கு முகமில்லை. ரூத் தானாகவே டீச்சரிடம் போய், "என் காலுக்கும் ஏதாவது செய்யலாமா?" என்றாள். டாக்டரைக் கேட்டு, நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் தொடங்கினார்கள். கால் போன நாளிலிருந்து அவள் குடும்ப ஜெபத்தில் வாய் திறந்ததில்லை. போன வாரம், "இன்னைக்கு நான் ஜெபம் பண்ணுதேன்" என்றாள். முடிவில் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது நான்தான்.

பிள்ளைகளை விளையாட அனுப்பும் தாய்மாரே, பயத்தோடேயே ஆண்டவரிடம் வாருங்கள், அவர் கைவிடமாட்டார். இறங்கப் பழக்குங்கள். வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால் முதலில் நம்புங்கள். அதன் பிறகு முழங்காலிடுங்கள்.