அத்தை வளர்த்த தொரை

நாய் என்றால் கூப்பிட்ட குரலுக்கு வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவர வேண்டும். எங்கள் வீட்டு நாய் வராது. கூப்பிட்டது யார் என்று ஒரு பார்வை பார்க்கும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால்தான் அத்தை அதற்குத் தொரை என்று பேர் வைத்தாள். வேறு எந்தப் பேரும் அதற்குப் பொருந்தியிருக்காது, அடித்துச் சொல்வேன்.

வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த சமயம் அது. ராயபுரத்தில் எங்கள் வீடு. நைனாவுக்கு ஹார்பரில் கிரேன் ஓட்டும் வேலை. அங்கே இருந்த வெள்ளைக்கார என்ஜினீயரின் சம்சாரம், சீமைக்குப் போனால் நாயை ஆறு மாதம் தனியாக அடைத்துவைப்பார்கள், அது ஏங்கியே செத்துப்போகும் என்று அழுது, அதை நைனாவின் கையில் கொடுத்துவிட்டுக் கப்பலேறினாள். முழ நீளம், சப்பை மூக்கு, முட்டைக் கண், கழுத்தைச் சுற்றிப் பிடரி மயிர். பெக்கினீஸ் என்று ஜாதிப்பேர். சீனத்து ராஜாக்கள் அங்கிக் கைக்குள் வைத்துச் சுமந்த ஜாதி, சாதாரண ஜனங்கள் வளர்த்தால் தலை போய்விடும் என்று அந்த அம்மாள் சொன்னதை நைனா தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். நாங்கள் சாதாரண ஜனங்கள்தான். யார் தலையும் போகவில்லை.

நைனா அதை நேராகத் தன் தங்கையின், அதாவது அத்தையின், மடியில் கொண்டுபோய் வைத்தார். அத்தை கொருக்குப்பேட்டையில் வாழ்க்கைப்பட்டவள். ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சில மாதம் ஆகியிருந்தது. ஏன் வந்தாள் என்று கேட்டால் அம்மா என்னைக் கடைக்கு அனுப்பிவிடுவாள். மூலையில் சுருண்டு கிடந்த அத்தை தொரைக்காக எழுந்தாள். முள் எடுத்த வஞ்சிரத்தை அவள் ஊட்டினால்தான் அது சாப்பிடும். அவளைத் தவிர வேறு யாரையும் மயிர் சீவ விடாது. கொஞ்ச தூரம் நடந்தால் மூச்சு வாங்கி நடுத்தெருவில் உட்கார்ந்துவிடும். தூக்கிக்கொண்டுதான் வர வேண்டும். ஒருநாள் மீன் மார்க்கெட் நாய் ஒன்று, கன்றுக்குட்டி உயரம், பல்லைக் காட்டிக்கொண்டு பாய்ந்து வந்தது. நான் அத்தையின் பின்னால் ஒளிந்தேன். தொரை உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவே இல்லை, வெறுமனே முறைத்தது. வந்த நாய்க்கே என்னவோ போலாகித் திரும்பிப் போய்விட்டது. அன்றைக்குத்தான் அத்தை வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை கொருக்குப்பேட்டை மாமா, தன் அம்மாவோடு, பூவும் பழமும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு அத்தையை அழைத்துப்போக வந்தார். எனக்கு மாமாவைப் பிடிக்கும்; எப்போது வந்தாலும் பொட்டலம் நிறையப் பக்கோடா வாங்கிவருவார். அம்மாவுக்கும் பரம சந்தோஷம்.

"ரோசமெல்லாம் போதும், கெளம்பும்மா. ஊரே சிரிச்சிகினு கீது," என்றாள் மாமாவின் அம்மா.

அத்தை மடியில் இருந்ததைத் தடவிக்கொடுத்தாள். "தொரையும் வரும்."

"நாயெல்லாம் நம்ம வூட்டுக்கு இன்னாத்துக்கு?" மாமா சிரித்துக்கொண்டே எழுந்துவந்து, நாயைத் தூக்கிக் கீழே விடக் கையைக் கொண்டுபோனார். அந்தக் கை கிட்டே வந்ததும் அத்தை கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். தொரை மட்டும் இமைக்காமல் மாமாவையே பார்த்தது. மாமா கையை இழுத்துக்கொண்டார்.

அத்தை மெதுவாகக் கண்ணைத் திறந்தாள். "இது வராத வூட்டுக்கு நானும் வரல," என்றாள். குரலில் நடுக்கம் இல்லை.

"அடிப்பாவி! ஒரு நாய்க்காவ புருசன வேணாங்கிறியே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா அத்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் தட்டை எடுத்து மாமாவின் அம்மா கையில் கொடுத்தார்.

"எடுத்துகினு கெளம்புங்கோ. எந் தங்கச்சி எங்கியும் வராது."

தெரு சிரித்தது. நாய்க்காகப் புருஷனை விட்டவள் என்று குழாயடியில் அத்தையின் காதுபடவே பேசினார்கள். அவள் ஒருநாளும் அதை மறுக்கவில்லை. தொரையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து நடந்தாள். எனக்கோ ஒரே பெருமை. எங்கள் அத்தைக்கு நாய் என்றால் அவ்வளவு உசிர், மாமா கையைக் கொண்டுபோனதும் தொரையை அடித்துவிடுவாரோ என்று பயந்துதான் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டாள் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.