முகூர்த்தத்துக்குக் குறுக்கே ஒரு தூங்குமூஞ்சி மரம்

செயின்சாவை வீட்டில் இறக்கி வைத்துவிட்டுக் கல்யாணத்துக்குப் போகலாம் என்றுதான் சேது சொன்னான். குமுதா கேட்கவில்லை.

"இரும்புப் பெட்டியில பூட்டிக் கெடக்குற சாமான் உங்கள என்னங்க பண்ணுது? திலகா அக்கா போன் மேல போன் போடுது. வண்டிய எடுங்க."

வேனின் பின்பக்கம் பற்றவைத்த பெட்டி அது. அதைத் திறந்து, மிஷினை இறக்கி, கையில் எண்ணெய் ஒட்டி, மறுபடி கை கழுவி... அரக்குக் கலர் பட்டுப் புடவையைக் கட்டி முடித்த பிறகு எவள் அந்த வேலையைப் பார்ப்பாள்? சேது வண்டியை எடுத்தான். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கோலசிலாங்கூர் மண்டபத்துக்குப் போகிற பாதை. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். ராத்திரி பெய்த பேய்மழையில் ரோடெல்லாம் மட்டையும் சருகுமாகக் கிடந்தது.

குமுதா செயின்சா பிடிப்பவள் என்றால் புதிதாகக் கேட்கிற யாரும் முதலில் சிரிப்பார்கள். அவளுக்கே முதலில் சிரிப்புத்தான் வந்தது. கையுறை செய்யும் பேக்டரியில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். மரம் வெட்டுகிற தொழில் சேதுவுடையது. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து அவன் தோள்பட்டை முறிந்தது. முறிந்தது கூடியும் பழைய பலம் திரும்பவில்லை. வண்டி ஓட்டலாம், கயிறு பிடிக்கலாம். ஓடுகிற மிஷினைத் தாங்கிப் பிடிக்க அந்தக் கைக்கு இனிமேல் முடியாது. பேக்டரியும் அதே வருஷம் ஆட்குறைப்பு செய்தது. "அப்ப நான் பிடிக்கிறேன்" என்றாள் குமுதா, குழம்புக்கு உப்புப் போடுகிற மாதிரி சாதாரணமாக.

பழைய மிஷினும் அதற்குள் துருப்பிடித்துப் போயிருந்தது. புதிதாக ஒன்று வாங்க டவுனில் சுல்தானாவின் கடைக்குப் போனாள். சுல்தானாவும் அவள் புருஷன் கிஃபாயத்துல்லாவும் நடத்துகிற மிஷின் கடை. புருஷன் பின்னால் ரிப்பேர் பார்ப்பார், முன்னால் வியாபாரம் இவள். குமுதா ஒரு செயின்சாவைக் காட்டிக் கேட்டதும், சுல்தானா மிஷினை எடுக்காமல் ஒரு கிழிந்த கால்சட்டையை எடுத்து மேஜையில் போட்டாள். தொடைப்பக்கம் பிய்ந்து, உள்ளிருந்து வெள்ளை வெள்ளையாக நார் தொங்கியது.

"இது யாருதுக்கா?"

"உலு யாம் ஊர்க்காரர் ஒருத்தருது. சங்கிலி தொடையில இறங்குச்சு. இந்த நாரெல்லாம் போய்ச் சுத்திக்கிட்டு மிஷினை அப்படியே நிறுத்திடுச்சு. மனுஷன் நடந்து வந்து வேற கால்சட்டை வாங்கிட்டுப் போனாரு."

"எனக்கு மிஷின் மட்டும் போதும்க்கா, கால்சட்டையெல்லாம் அப்புறம்..."

"அப்ப மிஷினும் அப்புறம் வாங்கிக்க. கால்சட்டைக்குப் பதிலா வேற கால்சட்டை இருக்கு. காலுக்குப் பதிலா எங்கிட்ட சரக்கு இல்ல லா."

கால்சட்டை, தலைக்கவசம், காதுமூடி, பூட்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் விற்றாள். அன்றைக்குக் குமுதாவுக்குக் கோபம். பிறகு பல நாள் யோசித்துப் பார்த்து, ஊரிலேயே தனக்குப் பிடித்த ஆள் சுல்தானா அக்காதான் என்று முடிவுக்கு வந்தாள்.

சேது பிரேக் போட்டான். முன்னால் நாலைந்து காரும் ஒரு பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தன. அதற்கப்பால் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் மல்லாந்து கிடந்தது. பேருக்கேற்ற மாதிரி நல்ல தூக்கம். வேரோடு பிடுங்கிக்கொண்டு சாய்ந்திருந்தது. வேரும் மண்ணும் ஒரு ஆள் உயரத்துக்குச் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்க, அது இருந்த இடத்தில் பெரிய பள்ளம்.

பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்றும் மாவிலையும் கட்டியிருந்ததைப் பார்த்ததும் குமுதா வாயில் கை வைத்தாள்.

"ஐயையோ, இது மாப்பிள்ளை பஸ்ஸுங்க!"

மாப்பிள்ளை குகன் பட்டு வேட்டி, ஜிப்பா, தலைப்பாகையோடு ரோட்டில் நின்று வியர்த்துக்கொண்டிருந்தான். உலு யாமிலிருந்து விடியுமுன்பே கிளம்பி வந்த கூட்டம். அவனுடைய பெரியப்பா நல்லசாமி ஒரு கையில் போனும் ஒரு கையில் சிகரெட்டுமாக அங்குமிங்கும் நடந்தார்.

"தீயணைப்பு பொம்பாவுக்கு போன் அடிச்சாச்சு. ஏகப்பட்ட இடத்துல மரம் விழுந்து கெடக்காம், வரிசையா வருவாங்களாம். சுத்திப் போனா முகூர்த்தம் போயிடும்" என்று சேதுவிடம் புலம்பினார்.

சேது பெண்டாட்டியைத் திரும்பிப் பார்த்தான். குமுதா ஏற்கெனவே வளையலைக் கழற்றத் தொடங்கியிருந்தாள்.

விஷயம் புரிந்ததும் நல்லசாமிக்குப் பாதி சந்தோஷம், பாதி சந்தேகம். "நீயாம்மா அறுக்கப்போற? சரி, சீக்கிரம். புடவைய இடுப்புல சொருகிட்டு நாலு இழு இழுத்து விட்டாப் போதும்."

"உடுப்பு மாத்திக்கிறேன் அண்ணே."

"இப்ப உடுப்பா முக்கியம்? நேரம் ஓடுது லா!"

"மாப்பிள்ளை மணவறையில உக்காரணும். நான் ஆஸ்பத்திரியில போய்ப் படுக்கக் கூடாது. கொஞ்சம் பொறுங்க."

பஸ்ஸுக்குள் பெண்கள் ஒரு சமுக்காளத்தைத் திரையாகப் பிடித்தார்கள். பட்டுப் புடவையோடு ஏறியவள், பெட்டியில் மிஷினோடு இருந்த தடித்த கால்சட்டை, முழுக்கைச் சட்டை, பூட்ஸோடு இறங்கினாள். தாலிக்கொடியைச் சட்டைக்குள் போட்டுப் பொத்தானை மாட்டியிருந்தாள். மல்லிகைச் சரத்தை யாரோ ஒரு அத்தை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டாள். வளையல் சேதுவின் பையில்.

ரோட்டோரமாகத் தள்ளிப் போய் மிஷினுக்கு எண்ணெய் கலந்த பெட்ரோல் ஊற்றினாள். வேடிக்கை பார்க்க நல்லசாமி சிகரெட்டோடு பக்கத்தில் வந்து குனிந்தார்.

"அண்ணே, அந்த நெருப்ப அணைச்சிட்டு வாங்க. இல்லாட்டி ஐயர் இங்கேயே வந்து ஹோமம் வளர்க்க வேண்டியதாயிடும்."

பஸ் முழுக்கச் சிரித்தது. நல்லசாமி சிகரெட்டைச் செருப்பில் நசுக்கிவிட்டு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பிறகு எல்லோரையும் பின்னால் போகச் சொன்னாள். கொஞ்ச தூரம் போய் நின்றவர்களை இன்னும் போகச் சொன்னாள். சும்மா நிற்க மாட்டேன் என்ற குகனை வளைவில் நிறுத்தி, வருகிற மோட்டார்களைத் தடுக்கச் சொன்னாள். தலைப்பாகை கட்டிய மாப்பிள்ளை நடுரோட்டில் கை நீட்டியதைப் பார்த்து, போலீஸ்காரனுக்குக்கூட நிற்காத பையன்கள் எல்லாம் மரியாதையாக நின்றார்கள்.

மிஷினைத் தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடிக்குள் பூட்ஸ் முனையை நுழைத்து மிதித்து, முன்கைப்பிடியை இடக்கையால் அழுத்திக்கொண்டு கயிற்றை இழுத்தாள். சிலர் மிஷினை அந்தரத்தில் ஆட்டியபடி கயிற்றை இழுப்பார்கள். பார்க்க மிடுக்காகத்தான் இருக்கும். அந்த மிடுக்கில் குமுதாவுக்கு நம்பிக்கை இல்லை. இரண்டாவது இழுப்பில் மிஷின் உறுமியது.

முதலில் கிளைகள். மரத்தின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அந்தப் பக்கத்துக் கிளைகளைக் கழித்தாள். காலுக்கும் சங்கிலிக்கும் நடுவே அடிமரம் இருந்தால் பயமில்லை. தழைக்குள் போகும்போது மட்டும் நிதானித்தாள். மிஷினின் மூக்கு நுனி கண்ணுக்குத் தெரியாத ஒரு குச்சியில் மோதினாலும் போதும், சட்டென்று எகிறி முகத்துக்கு வரும். பழகிய புதிதில் ஒருதரம் அப்படி எகிறி, பிரேக் தானாக விழுந்து நின்றது. அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து மூக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் அவள் விசையை அழுத்துவதில்லை.

சேது கழித்த தழைகளை நல்ல கையால் இழுத்து வாய்க்கால் பக்கம் போட்டான்.

அடிமரம் ரோட்டைத் தொடாமல் பாலம் போலக் கிடந்தது. ஒரு முனை வேர்ச்சுவரில், மறுமுனை எதிர்க்கரையில். அப்படிக் கிடக்கிற மரத்தின் மேல்பக்கம் நெருக்குண்டு இருக்கும், கீழ்ப்பக்கம் வில் நாண் மாதிரி இழுபட்டு நிற்கும். மேலேயே ஆழமாக அறுத்தால் சங்கிலியைக் கவ்விக்கொள்ளும். அதனால் எதிர்க்கரைப் பக்கம் மேலே கொஞ்சம் அறுத்து, பிறகு கீழிருந்து மேல்நோக்கி மெதுவாக அறுத்து வந்தாள். 'மடக்' என்று விட்டுப் போய் அந்த முனை ரோட்டில் உட்கார்ந்தது. தூரத்தில் கைதட்டல். குமுதாவுக்குக் காதுமூடிக்குள் ஒன்றும் கேட்கவில்லை.

இனி வேர்ப்பக்கம். மேல்வெட்டைப் போட்டுவிட்டுக் கீழே போகுமுன் பிரேக்கைத் தள்ளி நிமிர்ந்தாள். கடைசி வெட்டுக்கு முன்னால் சுற்றிலும் ஒரு பார்வை பார்ப்பது அவள் பழக்கம். சேது தெரிந்தான். வளைவில் தலைப்பாகை தெரிந்தது. பஸ் பக்கம் கூட்டம் இருந்தது. நல்லசாமியை மட்டும் காணோம்.

அவசரத்தில் இருக்கிற மனுஷன் எங்கே போவார்?

மிஷினை அடியோடு அணைத்தாள். அந்த அமைதியில் வேர்ச்சுவருக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"ஆமாங்க சம்பந்தி, ஆயிடுச்சு... இன்னும் ஒரு வெட்டுத்தான்... இங்க ஒரே சத்தம், ஒண்ணும் கேக்கல, அதான் மறைவா நின்னு பேசறேன்..."

வேர் பிடுங்கின பள்ளத்துக்குள் இறங்கி நின்று, பெண் வீட்டுக்கு போன் பேசிக்கொண்டிருக்கிறார்!

"அண்ணே! வெளிய வாங்க!"

"இரும்மா, சம்பந்தி லைன்ல..."

"போனை வச்சிட்டு வாங்க அண்ணே! இப்பவே!"

அவள் குரல் அப்படி ஒலித்து சேதுவே கேட்டதில்லை. நல்லசாமி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, செருப்பெல்லாம் சேறாகக் கரை ஏறினார். ரோஷம் முகத்தில் தெரிந்தது. "பொம்பளப் பிள்ளை இப்படியா அதட்டுறது?" என்று முனகினார். குமுதா பஸ்ஸைக் கையால் காட்டினாள். அவர் அங்கே போய்ச் சேரும் வரை மிஷினைத் தொடவில்லை.

பிறகு பக்கவாட்டில் தள்ளி நின்று கடைசி வெட்டை அறுத்தாள்.

மரத்தின் பாரம் விட்டதும் வேர்ச்சுவர் லேசாக நடுங்கியது. அடுத்த நொடி, குட்டைத் துண்டோடு அப்படியே பின்னால் எழுந்து, இருந்த பள்ளத்திலேயே திடுமென்று போய் உட்கார்ந்தது. சேறு தெறித்தது. பஸ் பக்கம் நின்றவர்களுக்குக் காலடியில் நிலம் அதிர்ந்தது. பள்ளம் இருந்த இடம் தெரியவில்லை.

நல்லசாமி அந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். கையிலிருந்த போனில் சம்பந்தி இன்னும் "ஹலோ, ஹலோ" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். வாங்கினவருக்குக் குடிக்கத் தோன்றவில்லை.

குமுதா மிஷினை வைத்துவிட்டு வேனின் படியில் உட்கார்ந்தாள். சேது அவள் தலைக்கவசத்தைக் கழற்றி, முதுகைத் தடவிக்கொடுத்தான்.

"பாக்காம அறுத்திருந்தேன்னா..."

"பாத்த இல்ல. எந்திரி, கயிறு கட்டணும்."

வேனில் கயிறு கட்டி மரத்துண்டுகளை ஓரம் இழுத்துப் போட்டார்கள். மாப்பிள்ளை பஸ் கிளம்பியது. மண்டபத்தில் நாதஸ்வரக்காரர் நேரம் கடத்துவதற்காக ஒரே ராகத்தை நீட்டி முழக்கிக்கொண்டிருந்தார். முகூர்த்தத்தின் வாலைப் பிடித்து, குகன் கங்காவுக்குத் தாலி கட்டினான். பெண்ணின் தாய் திலகா குமுதாவைக் கட்டிப்பிடித்து அழுதாள், அழுகையோடு அழுகையாக, "தலையெல்லாம் மரத்தூளு, போட்டோவுல இப்படியா நிப்ப?" என்று திட்டவும் செய்தாள். பந்தியில் நல்லசாமி பாயச வாளியைப் பரிமாறுகிற பையனிடமிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து, குமுதாவின் இலையில் நின்று நின்று ஊற்றினார்.

"போதும் அண்ணே."

"சாப்பிடும்மா" என்றார்.

டுரியான் பழப் பருவத்தில் உலு யாமிலிருந்து அவரே போன் செய்தார். வீட்டுக் கூரைமேல் ஒரு கிளை நீட்டிக்கொண்டு இருக்கிறதாம், வந்து வெட்ட வேண்டுமாம். குமுதா போய் அண்ணாந்து பார்த்தாள். கிளை கரண்டுக் கம்பியை உரசிக்கொண்டிருந்தது.

"இத நான் தொட மாட்டேன் அண்ணே. கரண்டுக்காரங்களக் கூப்பிடுங்க. அவங்க வந்து கரண்ட நிறுத்திட்டு வெட்டட்டும்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு சின்னக் கிளைய..." என்று இழுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தார்.

வந்ததற்கு டுரியானாவது சாப்பிட்டுப் போகச் சொன்னார். கார் கொட்டகையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் வந்து சேர்ந்துகொள்ள, நல்லசாமி அந்தத் தூங்குமூஞ்சி மரத்தின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். போதாமல் எழுந்து நின்று காட்டினார். மரம் லோரி அளவுக்கு வளர்ந்து, வேர் மாடிவீட்டு உயரத்துக்குப் போனது.

குமுதா கொட்டையைச் சப்பியபடி அடுத்த சுளையை எடுத்தாள்.