லான்சரின் பின்கதவு

பதினொரு வருசமாக ஒரு படத்தின்மேல் எனக்குக் கோபம். அதை எடுத்த றமீஸ் இப்போது மண்ணுக்குள் இருக்கிறான். படம் மட்டும் பேஸ்புக்கில் அப்படியே கிடக்கிறது. அழி என்று எத்தனையோ தரம் சொல்லிவிட்டேன். கேட்கவில்லை.

நான் வண்டிகளுக்கு டிங்கரிங், பெயின்ட் வேலை செய்கிறவன். வீடு நாவற்குடாவில், கராஜ் ஏறாவூரில், வாவிக்கரைக்குப் போகிற ஒழுங்கையில். பள்ளிக்கூடம் ஏழாம் வகுப்போடு சரி. அந்த நாட்களில் யாரோ ஒருவர் துருப்பிடித்துக் கறளேற விட்டிருந்த பொக்ஸ் லான்சர் கார் ஒன்றை எடுத்து, ஆறு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் கிடந்து முறிந்து, கடும் சிவப்பு அடித்து வாசலில் நிறுத்தினேன். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் எனக்கு வேலை தர வேண்டும் என்பது என் கணக்கு.

ஒழுங்கை முனையில் இருக்கிற சின்னப் பள்ளிவாசலில் றமீஸ்தான் மோதினார். ஐந்து நேரமும் தொழுகைக்கு அழைத்து வாங்கு சொல்வது அவன் வேலை. இடையில் கிடைக்கிற நேரத்தில் போனைத் தூக்கிக்கொண்டு வண்டிகளைப் படம் எடுப்பான். அவனுக்கு வண்டி கிடையாது, ஓட்டவும் தெரியாது. ஏன் வண்டியைப் பிடிக்கிறாய், ஆட்களைப் பிடி என்று ஒருநாள் கேட்டேன்.

"உசிர் உள்ளதப் புடிக்க எனக்கு மனசு ஒப்பல்ல, அண்ணன். வண்டிக்கு உசிர் இல்லத்தானே."

என்னைக் கேட்காமல் ஒரு மத்தியான வெயிலில் என் லான்சரைப் பிடித்துப் போட்டுவிட்டான். வலது பின்கதவு முழுக்க அலை அலையாகத் தெரிந்தது. அது போதாதென்று, சாரத்தோடு நின்று விலாவைச் சொறிகிற என் நிழலும் அந்தக் கதவில். கட்டாரில் இருக்கிற ஷிஹான் என்ற ஊர்ப்பொடியன் கீழே எழுதினான்: "இது பெயிண்டா, றொட்டி மாவா?" இருநூறு பேர் அதற்குச் சிரித்திருந்தார்கள். அதற்குப் பிறகு மூன்று மாதம் வந்தவனெல்லாம் வண்டியை உள்ளே விடுமுன் என் முகத்தைப் பார்த்து இளித்தான்.

போய்ப் பள்ளிவாசல் படியில் வைத்தே ஏசினேன்.

"கதவு நேரான கதவு. நீ நடு வெயிலில எடுத்துக் கெடுத்துப் போட்டாய். வெயில் உச்சியில நிக்கக்குள்ள எந்தக் கதவும் அப்பிடித்தான் தெரியும்."

அவன் தலையைச் சொறிந்தான். "அப்ப எப்ப எடுக்கிற, அண்ணன்?"

எனக்கு அவன்மேல் இருந்த ஆத்திரத்துக்கு அந்தக் கேள்வி வாய்ப்பாகப் போயிற்று. அன்று தொடங்கி ஏச்சுத்தான். பின்னேர அசர் தொழுகை முடிந்ததும் போனோடு வருவான், பிறகு மருமகன் கொடுத்த பழைய கெமராவோடு வந்தான். எடுத்ததைக் காட்டுவான். நான் கையில் உரசுகிற தாளை வைத்துக்கொண்டே எட்டிப் பார்ப்பேன்.

"இதென்ன, கூரையில லைட்டுக் கம்பம் முளைச்சிருக்கு?"

"கம்பம் பின்னால நிக்கிது, அண்ணன்."

"அப்ப நீ இங்கால தள்ளி நில்லு. கம்பம் நடக்காது. சில்லை ஏன் அங்கால முறிச்சு வெச்சிருக்காய்? டயரையா விக்கப் போறாய்? றிம் எங்களைப் பார்க்கவேணும். மறுகா, அந்தக் கொடியில தொங்கிறது ஆர்ர பெனியன்?"

"ஒங்கட."

அப்படியே போய் மறுபடி எடுத்து வருவான். ஒரே வேனை நாற்பது தரம் எடுத்த நாளும் உண்டு. கதவில் ஆள் நிழல் விழக்கூடாது என்று பற்றைக்குள் முழங்காலில் நின்று எடுப்பான். என்னையும் ஒளியச் சொல்வான், நான் போய்ப் பெயின்ட் பீப்பாவுக்குப் பின்னால் குந்துவேன். ஐந்து வருசத்தில் கம்பமும் பெனியனும் அவன் படத்தை விட்டுப் போயின. வெளிச்சம் மட்டும் அகப்படவில்லை.

பெயின்ட்காரன் கதவைப் பார்க்கிற விதம் வேறு. டியூப் லைட்டை நீட்டாகப் பிடித்தால் அதன் கோடு தகட்டில் விழும். கோடு நேரே ஓடினால் வேலை சரி, நெளிந்தால் உள்ளே பூசிய பட்டி ஏறி இறங்கியிருக்கிறது. சூரியன் வாவிக்குள் விழுந்த பிறகு இருபது நிமிசம் மேற்கு வானம் முழுதும் ஒரு பெரிய டியூப் லைட்தான். வண்டியைக் கரையில் நிறுத்தி, வாவிக்கு முதுகு காட்டி நின்று எடுத்தால் கோடு முன்லைட்டிலிருந்து பின்லைட் வரை ஓடும். இதைச் சொன்னேன். அவன் சிரித்தான்.

"அது மஃரிபு நேரம், அண்ணன். நான் மைக்குக்கு முன்னால நிக்கிற நேரம்."

வாங்கு சொல்லி, தொழுது, அவன் கரைக்கு ஓடி வரும்போது வானம் கறுத்துவிடும். காலையில் சுபஹ் தொழுகை முடிந்து பார்த்தான். கிழக்கில் வீடும் மதிலும் தென்னையும், வானம் துண்டு துண்டு. மற்ற எல்லாரும் சும்மா பார்த்துவிட்டுப் போகிற அந்த இருபது நிமிசம் அவனுக்கு மட்டும் கிடையாது. ஒரு நாளைக்கு வேறு ஆளை விடு என்றேன். பதினாறு வருசத்தில் ஒரு மஃரிபும் விட்டதில்லை என்றான்.

போன வருசம் குரல் கம்மியது. தொண்டைக்கட்டு என்று மல்லித் தண்ணி குடித்தான். மைக்கைக் கூட்டி வைத்துச் சமாளித்தான். ஊருக்குத் தெரிந்தபோது நாலு மாதம் போய்விட்டது. புற்று என்றார்கள். கொழும்புக்குக் கொண்டுபோய்க் குரல்வளையை எடுத்துவிட்டு, கழுத்தில் ஒரு ஓட்டை வைத்து அனுப்பினார்கள். மூச்சு அதால்தான். சொல் இல்லை. வாங்கு சொல்ல வேறு ஒருவரைப் போட்டார்கள்.

வீட்டுக்கு வந்து மூன்றாம் வாரம், பின்னேரம் கராஜ் வாசலில் நின்றான். பாதியாகப் போயிருந்தான். கழுத்தில் கெமரா, சட்டைப்பையில் கொப்பி. எழுதிக் காட்டினான்: "இப்ப அந்த வெளிச்சம் எனக்கு இரிக்கி. லான்சரக் கொண்டு வாங்க."

நான் சாவியை எடுத்தேன்.

நாலு பின்னேரம் கரைக்குப் போனோம். முதல் நாள் சூரியன் விழுந்து, வானம் கதவில் படியத் தொடங்கிய நேரம் பள்ளிவாசலில் வாங்கு எழும்பியது, வேறு ஆளின் குரலில். றமீஸ் கெமராவைக் கீழே இறக்கினான். கண்ணை மூடி, உதடு மட்டும் அசைய, முடியும்வரை நின்றான். எனக்குப் பொறுக்கவில்லை. வெளிச்சம் போகுதே மனுசா என்று வாயில் வந்ததை விழுங்கினேன். முடிந்ததும் ஆறு படம் எடுத்தான். பிறகு புல்லில் பாயை விரித்துத் தொழுதான். மிச்ச மூன்று நாளும் அதேதான். நாலாம் நாள் ஒரு படத்தைப் பார்த்துத் தலையாட்டினான். அதற்குள் அவனுக்கு நிற்க ஏலாமல் வந்துவிட்டது, கையைப் பிடித்துத்தான் ஏற்றினேன்.

அதைப் பேஸ்புக்கில் போட்டான். எண்ணூறு பேர் விரும்பினார்கள். மாஷா அல்லாஹ், சூப்பர், அருமை. றொட்டி மாவு ஷிஹானும், "றமீஸ் நானா, இதுக்கு மேல ஒரு படம் இல்ல" என்று எழுதியிருந்தான்.

பத்து நாள் கழித்து றமீஸின் மனைவி நபீஸா எனக்குப் போன் எடுத்தாள்.

"அண்ணன், ஒருக்கா வந்துட்டுப் போங்க. சாப்பிடுறாருமில்ல, ஆரோடயும் முகம் குடுக்கிறாருமில்ல. ஒங்களத்தான் எழுதி எழுதிக் காட்டுறாரு."

போனேன். கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்தான். கழுத்துக் குழாயில் மூச்சு இரைந்தது. மடியில் அந்தப் படம், கடையில் கொடுத்துப் பெரிசாக அடித்தது. பக்கத்தில் ஒரு சிவப்புப் பென்சில். கொப்பியைத் திருப்பிக் காட்டினான். முன்கூட்டியே எழுதி வைத்திருந்தான்.

"எல்லாரும் நல்லம் நல்லம் எண்டுறாங்க. சாகப்போறவனுக்குச் சொல்ற நல்லம். இதுல என்ன பிழை?"

"நல்லாத்தான் இருக்கு," என்றேன்.

என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுதினான். "நீங்களுமா?"

நபீஸா கதவு நிலையில் நின்றாள். "சும்மா ஏசுங்களன், அண்ணன். வழமையா ஏசுறதுதானே," என்றாள்.

படத்தை யன்னலடிக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சில்லு சரி, றிம் முழுசாகத் தெரிந்தது. பின்னால் கம்பம் இல்லை. ஆள் நிழல் இல்லை. வானத்தின் கோடு முன்லைட்டில் தொடங்கி, முன்கதவைக் கடந்து கத்தி மாதிரி ஓடி, வலது பின்கதவில் கைப்பிடிக்குக் கீழே ஒரு சாண் நீளத்துக்கு நெளிந்து மறுபடி நேரானது. பதினொரு வருசத்துக்கு முன் மத்தியான வெயிலில் அவன் எடுத்த படத்திலும் அலை அதே இடத்தில்தான் தொடங்கியது. அந்தக் கதவுக்குக் கடைசி உரசலை நான் தாளுக்குள் கட்டை வைக்காமல், வெறுங்கையால், அவசரத்தில் செய்தேன். எனக்குத் தெரியும். அன்றும் தெரியும்.

நான் பேசாமல் நின்றால் பிழை தன் கையில் என்று நினைத்துக்கொண்டே போய்விடுவான். பென்சிலை எடுத்து, அந்த நெளிவைச் சுற்றி வட்டம் போட்டு, படத்தை அவன் மடியில் வைத்தேன்.

"இது உன்ட பிழை இல்ல, றமீஸ். கதவுதான் கோணல். முதல் எடுத்த படமும் சரியான படம்."

அவன் வட்டத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். தோள் குலுங்கியது. குழாயில் காற்று விட்டு விட்டு வந்தது. மூச்சுத் திணறுகிறதாக்கும் என்று நபீஸா ஓடி வந்தாள். சிரிக்கிறான் என்பது எனக்குத்தான் விளங்கிற்று.

அதற்குப் பிறகு அவன் நாலு நாள்தான் இருந்தான், எழுதவில்லை. அன்று சிரித்து முடிந்ததும் கொப்பியை இழுத்து, பெரிய பெரிய எழுத்தில் அரைப்பக்கத்துக்கு எழுதித் தந்ததுதான் கடைசி. அந்தத் தாள் கராஜில் காசு மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருக்கிறது. லான்சரின் பின்கதவைக் கழற்றி வேலை மேசையில் போட்டிருக்கிறேன்.

"கதவ வடிவாச் செஞ்சி, லான்சரக் கொண்டு வாங்க, அண்ணன். இன்னொருக்கா எடுப்பம்."