கற்கண்டு போட்ட பெட்டிகள்

பக்கத்து வீட்டு சமோவாக்காரர் போன கிழமை தன் வாசற்படிக்கு வார்னிஷ் அடித்தார். யன்னலைத் திறந்தேன், மூக்குக்குள் ஏறிய வாசம் என்னை நேரே எங்கள் பழைய கராஜுக்குள் கொண்டுபோய் விட்டது. மற்ற ஆட்களுக்கு மல்லிகையோ மீன்குழம்போ அந்த வேலையைச் செய்யும். எனக்கு வார்னிஷ். என்ன செய்ய, அவரவர் மூக்கு.

அப்போது இந்த வெளிநாட்டு நகரத்தின் தெற்கே, மனுரேவாவில் வாடகைக்கு இருந்தோம். மங்கரேயில் விமான நிலையச் சரக்குக் கிடங்கில் பெட்டி தூக்கி முதுகு போய், வேலையும் போய், நான் வீட்டில் இருந்த காலம். பெரிய பெட்டி தூக்கி முதுகை முறித்தவன் சின்னப் பெட்டி செய்யத் தொடங்கினேன் என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள். கராஜுக்குள் இருந்து, ஒட்டுப்பலகைத் துண்டில் வார்னிஷ் பூசிய உள்ளங்கை அளவுப் பெட்டி. மூடியில் என் மனைவி ஜெயந்தியின் பழைய சேலைக் கரை. கரையை ஒட்டும்போது ஒரு சுருக்கம் விழுந்தாலும் அன்று எனக்குச் சோறு இறங்காது. உடுப்புக் கிளிப் மாட்டிக் காயவிட்டு, காய்ந்ததா என்று தொட்டுத் தொட்டே பழுதாக்கியவை கனக்க, கணக்கே இல்லை.

நான் எதற்கும் பயப்படுகிற ஆள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு, படித்தவர்கள் வாய் திறந்தாலே தான் ஏதோ பிழை விட்டதாகத் தோன்றும். பொலிஸ் கார் பின்னால் வந்தால், சும்மா நிற்கிற காரையும் இன்னும் மெதுவாக்கப் பார்ப்பேன். ஹென்டர்சனில் ஒரு தேவாலய மண்டபத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கைவினைச் சந்தை நடக்கும். அங்கே ஒரு மேசை கிடைத்தபோது மழை வருமா, கார் ஸ்டார்ட் ஆகுமா, மூடி இறுகிவிடுமா என்று நித்திரையே இல்லை. ஆனாலும் அந்த மேசைக்குப் பின்னால் நிற்கும்போது நான் ஒருவருக்கும் வேலையாள் இல்லை. முதுகு நோவுக்குக் கூட அது மருந்து போலக் கேட்டது.

பிறந்த ஊரில் எங்கள் பக்கம், அயல்வீட்டிலிருந்து கறி வந்த ஏனத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பதில்லை. ஒரு பிடி சீனியாவது இருக்கும். பெட்டியும் ஏனம்தானே. ஒவ்வொன்றுக்குள்ளும் கொஞ்சம் கற்கண்டு வைத்தேன். எறும்பு வருமோ என்ற கவலையில், மலிவுக் கடையில் வாங்கிய, வாயை அமத்தி மூடுகிற குட்டிப் பிளாஸ்டிக் பைகளில் போட்டு வைத்தேன். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்: கறுத்த மனிதன், சின்னப் பெட்டி, அதற்குள் குட்டிப் பை, பைக்குள் வெள்ளைப் பளிங்கு. எனக்கு மட்டும் அது உறைக்கவில்லை.

ஒரு வெள்ளைக்காரப் பெண் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் வைத்துவிட்டுப் போனார். சற்று நேரத்தில் சந்தையை நடத்துகிற லின் வந்தார். நல்ல மனுசிதான். போதைமருந்து என்று நினைத்தாராக்கும், பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். நான் அவசரமாக ஒன்றைப் பிரித்து என் வாயில் கொட்டிக் காட்டினேன். அது நிலைமையை இன்னும் மோசமாக்கியது. பக்கத்தில் நின்ற ஜெயந்தி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்துக் குலுங்கினாள்.

சீனி என்று விளங்கிய பிறகும் லின் இறங்கி வரவில்லை. இங்கே தின்பண்டம் வைக்கக்கூடாது, அடுத்த முறை பெட்டி வெறுமையாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் மேசை இல்லை என்றார். அழகுக்கு டிஷ்யூ காகிதம் வைக்கலாமே என்றும் சொன்னார்.

காரில் ஜெயந்தி சமாதானம் கதைத்தாள்.

"இஞ்சரப்பா, காகிதத்தை வைச்சுக் குடுங்கோவன்."

"காகிதத்தைத் தின்னேலுமே?"

"பெட்டி வாங்கிற சனம் தின்னவே வாங்குது? மேசை போனா நீங்கள் வீட்டில இருந்து என்ர உயிரைத்தான் எடுப்பியள்."

அவள் சொன்னதில் பிழையில்லை. அந்த மாதம் முழுவதும் காகிதத்தை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தேன். மூடியைத் திறந்தால், பக்கத்து வீட்டு ஏனத்தைக் கழுவி மட்டும் திருப்பிக் கொடுத்தது போல வெட்கமாக இருந்தது.

அடுத்த சந்தைக்குப் பிளாஸ்டிக் பை கொண்டுபோகவில்லை. ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறையக் கற்கண்டை மேசை நடுவில் வைத்து, பெட்டி வாங்கியவர்களின் கண்முன்னே கரண்டியால் அள்ளிப் போட்டேன். லின் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. என் ஓட்டை ஆங்கிலத்தில் நான் சொன்னது தமிழில் இவ்வளவுதான்:

"வெறும் பெட்டி நான் ஒருத்தருக்கும் குடுக்கமாட்டன். மேசையை எடுக்கிறதெண்டா எடுங்கோ."

ஜெயந்தி என் கையிலிருந்து கரண்டியை வாங்கி, அடுத்த பெட்டிக்கு அவளே போட்டாள். நான் போட்டதைவிடக் கூடவே போட்டாள்.

பின்னேரம் வரை நிற்க விட்டார் லின். அதற்குப் பிறகு மேசை இல்லை. வேறு சந்தைகளில் கேட்கப் பயந்தேன், அதையும் ஒளிக்கவில்லை. பெட்டி செய்வதும் அத்தோடு நின்றது.

அந்த மண்டபம் இப்போது இல்லை. அந்த இடத்தில் மாடி வீடுகள். சந்தை எங்கெங்கோ அலைந்து நின்றுபோனது. லின் வடக்கே போய்விட்டதாகக் கேள்வி. அந்தப் பெட்டிகள் இந்த ஊரில் யாருடைய அலுமாரியிலோ தோடும் ஊசியும் சுமந்துகொண்டிருக்கும், இல்லாவிட்டால் குப்பைக்குப் போயிருக்கும். போகட்டும். என் கையை விட்டுப் போனபோது ஒன்றுகூட வெறுமையாகப் போகவில்லை.