மேகமூட்டத்தில் ஓகே ஆன கிரே

வீரபாண்டி பக்கம் ஒரு டையிங் யூனிட்டில் இருபத்தாறு வருடம் லேபில் வேலை பார்த்தேன். கடைசிப் பதினான்கு வருடம் லேப் இன்சார்ஜ். இத்தனை காலத்தில் ஒரே ஒரு முறை பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒரு டன் துணி கெட்டது. ஒரு மனுஷனுக்கு வேலையே போகப் பார்த்தது. லேபுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகள் கேட்டார்கள் என்று அதை எழுதுகிறேன். சாயம் போடும் வேலையைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நான் பாதிக்கு மேல் வெயிலையும் மழையையும் பற்றித்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1. குடையோடு வந்தவர்

டோனி சார் போர்ச்சுகல்காரர். சொந்த ஊர் போர்த்தோ. ஆறு கடலில் கலக்கிற இடத்து நகரம். அந்தப் பக்கத்திலும் நம்மைப் போலவே பனியன் துணி பின்னுகிறார்கள், சாயம் போடுகிறார்கள். ஐரோப்பிய ஆர்டருக்குக் கலர் பார்க்கத் தேர்ந்த கண் வேண்டும் என்று எங்கள் முதலாளி அவரைக் கூட்டி வந்தார். வந்து இறங்கியது சித்திரை மாத உச்சி வெயிலில். கையில் ஒரு நீளக் குடை.

"ஏனுங்க, இது மழைக்குங்களா?" என்று வாட்ச்மேன் என்னிடம் கேட்டார். நான் அதை இங்கிலீஷில் மாற்றிச் சொன்னேன். "பழக்கம்" என்றார் டோனி சார். வருடத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊராம். குடை இல்லாமல் நடந்தால் கை சும்மா தொங்குகிற மாதிரி இருக்குமாம்.

முதலாளி என்னை அம்மிணி என்றுதான் கூப்பிடுவார். எங்கள் பக்கம் பெண்களைப் பிரியமாகக் கூப்பிடுகிற சொல். டோனி சார் அதுதான் என் பெயர் என்று நினைத்துவிட்டார். தனலட்சுமி என்ற பெயர் அவருக்குத் தெரிய ஒரு வருடம் ஆனது. அதற்குள் எனக்கும் பழகிவிட்டது, மாற்ற வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

காலையில் லேபுக்குள் வந்ததும் போனைப் பார்ப்பார். "போர்த்தோ, பதினோரு டிகிரி. மழை" என்பார், ராசிபலன் படிக்கிற மாதிரி. எங்களுக்கு இங்கே நாற்பதைத் தொட்டுக்கொண்டிருக்கும். லேபில் இருக்கிற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

ஒருநாள் மதியச் சாப்பாட்டின்போது அவராகவே சொன்னார். முப்பது வருடம் வேலை பார்த்த மில்லை மூடிவிட்டார்கள், இப்போது அந்தக் கட்டடம் ஒரு ஓட்டல். மனைவி பிரிந்து போய் வெகு காலம். பிள்ளைகள் இல்லை. அப்பா அம்மா இருந்த வீட்டைத் தம்பி விற்றுவிட்டார்.

"அப்ப ஊர்ல உங்களுக்குன்னு என்னதாங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அவர் யோசித்தார். "மழை" என்றார்.

அதற்குப் பிறகு அவர் போனைப் பார்க்கும்போது நான் சிரிக்கவில்லை.

2. வானம் மூடிய நாள்

எங்கள் தொழிலில் கிரேதான் ஆளைக் கொல்லும். சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றையும் கலந்து, எதுவும் தலைதூக்காமல் அடக்கி வைத்தால்தான் அது சாம்பல் நிறம். வெளிச்சம் மாறினால் அடங்கியிருந்தது கிளம்பிவிடும். பகல் வெளிச்சத்தில் ஒன்றாய்த் தெரியும் இரண்டு கிரே, கடை ட்யூப் லைட்டின் கீழே போனால் பங்காளிச் சண்டை போட்டுக்கொண்டு நிற்கும். அதற்காகத்தான் லைட் பாக்ஸ் இருக்கிறது. ஒரு பெட்டிக்குள் துணியை வைத்து, சுவிட்சைத் தட்டித் தட்டிப் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு பல்பு என ஒவ்வொன்றிலும் பார்க்க வேண்டும். இரண்டு நிமிஷ வேலை.

ஒரு கலரை உறுதி செய்கிற அட்டைதான் ஷேடு கார்டு. எங்கள் யூனிட்டில் அதில் இரண்டு கையெழுத்து உண்டு. முதல் கையெழுத்து, இந்தக் கலர் ஓகே என்பதற்கு. அது டோனி சாருடையது. இரண்டாவது, எல்லா வெளிச்சத்திலும் லைட் பாக்ஸில் பார்த்தாயிற்று என்பதற்கு. அது என்னுடையது.

அவர் வந்து மூன்றாவது வருடம். ஒரு கிரே ஆர்டர். அவசரம். வழக்கமாக நாங்கள் சிறு துண்டில் சாயம் போட்டு, ஆர்டர் கொடுத்த பையருக்கு அனுப்புவோம், அவர்கள் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பார்கள். இந்த முறை, "டோனி ஓகே என்றால் எங்களுக்கும் ஓகே" என்று மெயில் போட்டுவிட்டார்கள். அவ்வளவு நல்ல பேர் அவருக்கு. நாங்கள் ஏ, பி, சி என்று மூன்று துண்டு போட்டு வைத்திருந்தோம்.

ஆனி மாதம். முந்தின நாள் வரை அனல். அன்று காலை பத்து மணிக்குப் பாலக்காட்டுப் பக்கமிருந்து மழைக்காற்று திரும்பியது. லேப் ஜன்னல் படபடவென்று அடித்தது. வானம் மூடிக்கொண்டு, பன்னீர் தெளிக்கிற மாதிரி ஒரு தூறல். டோனி சார் மூன்று துண்டையும் பையரின் ஒரிஜினல் துண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் கார்டோடு பின்னாலேயே போனேன்.

அவர் தூறலில் நின்றார். குடை உள்ளேயே இருந்தது. துணியை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"அம்மிணி, இதாங்க போர்த்தோ" என்றார். அப்போது தமிழ் நன்றாகவே வந்துவிட்டிருந்தது அவருக்கு. "இதே கலருங்க. காலைல ஆத்தங்கரை இப்பிடித்தான் இருக்கும்."

பிறகு "பி" என்று சொல்லிக் கார்டில் கையெழுத்துப் போட்டார். கண் கலங்கியிருந்தது. அந்த முகத்தைப் பார்த்த பிறகு, "உள்ள வாங்க சார், ட்யூப் லைட்ல ஒருக்கா பாத்துக்கலாம்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எல்லாரிடமும் வெடுக்கென்று பேசுகிறவள்தான் நான். சரி, அவரை விட்டுவிட்டு நானாவது தனியாகப் போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. தப்பாக இருந்துவிடுமோ என்று பயந்துதான் பார்க்கவில்லை என்று இன்றைக்கு ஒத்துக்கொள்கிறேன். அவர் கையெழுத்துக்குக் கீழே என் கையெழுத்தைப் போட்டேன்.

3. முதலாளி ரூம்

ஒரு டன் துணி சாயம் போட்டு, நெருப்பெரிச்சல் என்கிற ஊரில் இருக்கிற தையல் யூனிட்டுக்குப் போனது. மறுநாள் அங்கிருந்து போன். கடை வெளிச்சத்தில் வைத்தால் துணி முழுக்க சிவப்படிக்கிறது, ஒரிஜினல் பக்கத்தில் வைக்கவே முடியவில்லை என்றார்கள். கார்டையும் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு லைட் பாக்ஸுக்கு ஓடினேன். சுவிட்சைத் தட்டினேன். பி துண்டு செங்கல் தூளில் புரட்டியது போல இருந்தது. ஏ துண்டு எல்லா வெளிச்சத்திலும் அடக்கமாக உட்கார்ந்திருந்தது.

முதலாளி இருவரையும் கூப்பிட்டார். கோபக்காரர், ஆனால் கத்த மாட்டார். குரல் இறங்க இறங்கத்தான் நமக்குப் பயம் வரும்.

"ஏனுங்க டோனி, உங்க கண்ண நம்பித்தானுங்க பையரு துண்டே வேண்டாம்னு சொன்னான். என்னங்க இது?"

"என் தப்புங்க" என்றார் டோனி சார். கழுத்தில் இருந்த ஐடி கார்டைக் கழற்றி மேஜை மேல் வைத்தார். அடுத்த மாதம் அவர் விசா புதுப்பிக்க வேண்டும், அதற்குக் கம்பெனி கடிதம் வேண்டும். அந்தக் கடிதம் இல்லையென்றால் ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்கே மில் இல்லை, வீடு இல்லை. ஐம்பத்தெட்டு வயதில், ஒரு டன் துணியைக் கெடுத்தவர் என்ற பேரோடு யார் வேலை கொடுப்பார்கள்?

முதலாளி ஷேடு கார்டைத் திருப்பினார். என் கையெழுத்து மேல் விரலை வைத்தார்.

"அம்மிணி, நீ பொட்டில வெச்சுப் பாத்தியா?"

அந்த ஒரு நொடியில் என்னென்னவோ ஓடியது. "பாத்தனுங்க, அப்ப சரியாத்தான் இருந்துச்சுங்க" என்று சொன்னால் போதும். டோனி சார் தப்பிப்பார், நானும் தப்பிப்பேன். பழி டையிங் செக்‌ஷன் தலையில் விழும். சாயக் கலவை ரெசிபி மாறிவிட்டது, மெஷினில் சூடு கூடிவிட்டது என்று அவர்களைக் கேட்பார்கள். பாவம், அவர்கள் நாங்கள் கொடுத்த ரெசிபியை அச்சுப் பிசகாமல் போட்டவர்கள்.

"இல்லீங்க" என்றேன். "பாக்காமப் போட்டுட்டனுங்க."

"ஏன்?"

"சார் மழைல நின்னு அழுதுட்டிருந்தாருங்க. எனக்கு மனசு வரலீங்க."

முதலாளி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். டோனி சார் தலையைக் குனிந்தே நின்றார். எனக்கும் வேலை போய்விடும் என்றே நினைத்தேன். என் மகள் காலேஜில் சேர்ந்திருந்த வருடம் அது.

"ஒருத்தரு தப்புன்னா அனுப்பிரலாம்" என்றார் முதலாளி கடைசியில். "ரெண்டு பேரும் சேந்து பண்ணிப்போட்டு வந்து நிக்கறீங்க. ரெண்டு பேரையும் அனுப்பிச்சுட்டு நான் யார வெச்சு யூனிட்ட ஓட்டறது? டோனி, அந்தக் கார்ட எடுத்து மாட்டுங்க. ஏ ஷேடுல புதுசா ஒரு டன் போடுங்க, பத்து நாள்ல போகோணும். கெட்டதக் கருப்பாக்கிருங்க."

கெட்ட கலருக்கெல்லாம் கடைசிப் புகலிடம் கருப்புதான். எதன் மேலேயும் போடலாம்.

நாங்கள் கதவுப் பக்கம் போனபோது மறுபடியும் கூப்பிட்டார். "ஏனுங்க டோனி, இனி மேகம் கட்டுச்சுன்னா எனக்கொரு போன் போடுங்க. நானே வந்து உங்கள லேபுக்குள்ள வெச்சுப் பூட்டிப்போடறன்."

டோனி சார் சிரிக்க முயன்றார், முடியவில்லை. வராந்தாவில் நின்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். பத்து நாளும் இருவரும் மெஷின் பக்கத்திலேயே நின்றோம். துணி சரியான நேரத்துக்குப் போனது.

4. இப்போது

அதற்குப் பிறகும் ஆறு வருடம் இங்கே இருந்தார். ரிட்டயர் ஆனதும், சாவதற்குள் அந்த மழையில் கொஞ்ச காலம் நனைய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போர்த்தோவுக்கே போய்விட்டார். அங்கே ஒரு சின்ன வாடகை வீடு. ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார். நானும் ரிட்டயர் ஆகிவிட்டேன். அந்தப் போன் வராத வாரம் எனக்கு என்னவோ போல் இருக்கும்.

முதல் வருடம் மழையைப் பற்றிச் சந்தோஷமாகப் பேசினார். இரண்டாவது வருடம் பேச்சு மாறியது.

"இங்க மழைக்கு வாசமே இல்லீங்க அம்மிணி" என்றார் ஒருநாள். "மண்ணு காஞ்சாத்தானுங்களே வாசம் வரும்? இங்க காயறதே இல்லீங்க."

அவருக்கு இப்போது வீரபாண்டி வெயில் வேண்டுமாம். மத்தியானம் ரோட்டில் தார் இளகுகிற வெயில். அது முடிந்து ஆனியில் காற்று திரும்புகிற அந்த நாள் வேண்டுமாம். கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

போன வாரம், ஆனி பிறந்ததும் கூப்பிட்டார். கொஞ்சம் உடம்பு சரியில்லை, நெஞ்சில் சளி, வெளியே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். குரல் தளர்ந்திருந்தது.

"காத்து திரும்பிருச்சுங்களா அம்மிணி?"

நான் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. காற்று இன்னும் திரும்பவில்லை என்றுதான் நினைப்பு. ஆனால் அந்தக் குரலுக்கு இல்லை என்று எப்படிச் சொல்வது?

"திரும்பிருச்சுங்க சார். ஜில்லுனு அடிக்குதுங்க."

சொல்லிவிட்டு இன்னொரு கீரைத் தண்டை ஒடித்துப் போட்டேன்.

"நீங்க பாக்கலீங்க" என்றார். கோபம் இல்லை. "ஜன்னல் அடிக்கற சத்தமே கேக்கலீங்களே. போய்ப் பாத்துட்டுச் சொல்லுங்க. நான் லைன்லயே இருக்கறனுங்க."

எனக்கு வெட்கமாகிவிட்டது. முட்டி வலியோடு ஒவ்வொரு படியாக மொட்டை மாடிக்கு ஏறினேன். கொடியில் போட்டிருந்த சேலை அசையாமல் தொங்கியது. தரை காலைச் சுட்டது. மேற்கே பாலக்காட்டுப் பக்கம் ஒரு பொட்டு மேகம்கூட இல்லை.

"இன்னும் வரலீங்க சார்" என்றேன். "அனல்தானுங்க. நிக்க முடியல."

"அனலுங்களா?" என்றார். இத்தனை நாளில் அவ்வளவு தெளிவான குரலை நான் கேட்கவில்லை. "அப்பிடியே போன வெளிய நீட்டிப் புடிங்க அம்மிணி, கொஞ்ச நேரம்."

நான் செருப்பில்லாத காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு, வெயிலில் போனை நீட்டிப் பிடித்தபடி நின்றேன்.