தூள் போடாத குடுவை

விளக்கைப் போடுவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்கும்: குடுவைக்குள், கலக்குவதற்காகப் போட்ட காந்தக்குச்சி சுழன்று கண்ணாடியில் முட்டுகிற டிக், டிக். மலேசியாவில், ஷா ஆலத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ராத்திரி வேலை எனக்கு. படித்தவர்கள் கலக்கி வைத்துவிட்டுப் போவதைப் பார்த்துக்கொள்ள வேண்டும், அவர்கள் அழுக்காக்கியதைக் கழுவ வேண்டும். நாற்பத்தெட்டு வயதில் தூக்கம் வராதவனுக்கு ஏற்ற தொழில். அடுத்தவர் பாத்திரம் கழுவிப் பிழைப்பவர்களுக்கு இது புரியும்.

தரகர்

அங்கே செய்வது மின்சாரம் கடத்தும் ஒரு பிளாஸ்டிக் தூள். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகள்கள். மெதுவாக நடக்கும் ரசாயன மாற்றத்தை அது வேகமாக்கும். தான் மட்டும் செலவாகாது. குப்பைக்கூடையில் கிடந்த தாள்களைப் படித்து நானாகக் கற்றுக்கொண்டது இது. ஒருநாள் காலை பிரிக்பீல்ட்ஸில் தோசைக்கு உட்கார்ந்தபோது கடைக்கார பாயிடம் விளக்கினேன். தே தாரிக் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"கல்யாணத் தரகர் மாதிரின்னு சொல்லுங்க. ஆனா ஒண்ணும் சாப்பிடாமப் போற தரகர நான் பாத்ததில்லண்ணே."

பச்சை

தர்ஷினி கிள்ளானிலிருந்து வரும் ஆராய்ச்சி மாணவி. அந்தத் தூளோடு நாலு வருஷமாக மல்லுக்கட்டுகிறாள். ஒரு சாயங்காலம் அது உருவாவதைப் பார்க்க என்னையும் நிற்கச் சொன்னாள். தண்ணீர்போல் இருந்தது மெல்ல நீலமாகி, பிறகு பச்சையாகிக் கறுத்தது. யாரோ தூக்கத்தில் கடலைத் திறந்துவிட்டதுபோல் இருந்தது எனக்கு. அசையாமல் நின்றேன்.

"அழகுதாண்ணே. ஆனா கைல பட்டா மூணு நாளைக்குப் போகாது."

வெளுத்த மஞ்சள்

தூள் போட்டதும் ஒரு மஞ்சள் திரவம் நிறமிழந்தால், தூள் வேலை செய்கிறது என்று அர்த்தம். ஒப்பிட்டுப் பார்க்க, தூள் போடாத குடுவை ஒன்றும் பக்கத்தில் சுழலும். அது மஞ்சளாகவே இருக்க வேண்டும். அன்று அதுவும் வெளுத்துவிட்டது. மறுநாள் பேராசிரியரிடம் காட்ட வேண்டும். உதவித்தொகை அந்த மாதத்தோடு சரி. தூள் இல்லாமலே நடக்கும் காரியத்துக்குத் தூள் எதற்கு என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காரணம் எனக்குத் தெரியும். முந்திய வாரம் ரயிலைப் பிடிக்கிற அவசரத்தில், காந்தக்குச்சிகளைத் தங்கத்தையும் கரைக்கும் ராஜ திராவகத்தில் ஊறப்போடாமல் வெறும் சோப்பில் தேய்த்து வைத்துவிட்டேன். கீறல்களில் கறுப்பாக ஏதோ மிச்சம் இருந்தது. அவளுடைய தூள்தான் அது. சொன்னால் வேலை போகலாம். சொல்லிவிட்டேன்.

அவள் இரண்டு குடுவையிலும் புதுக் குச்சிகள் போட்டுத் திரும்பவும் ஆரம்பித்தாள். தூள் போட்டது சில நிமிஷத்தில் வெளுத்தது. மற்றது, ஜன்னல் வெளிறும்வரை, முழு மஞ்சளாகச் சுழன்றுகொண்டே இருந்தது. அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள்.

"கீறல்ல ஒட்டுனதுக்கே இவ்வளவு வேகம்னா என் தூளு கெட்டிக்காரிதாண்ணே. ஆனா இனிமே சோப்பு வேணாம்லா."

செலவாகாமல் வேலை செய்யும் ஒன்றைத்தான் அங்கே எல்லோரும் தேடுகிறார்கள், செலவாகிக்கொண்டே வேலை செய்கிறவனை ராத்திரிக்கு வைத்துக்கொண்டு.

கையுறையை மாட்டிக்கொண்டு, பழைய குச்சிகளை ஒவ்வொன்றாகத் திராவகத்தில் இறக்கினேன்.