சண்முகவடிவு கட்டிய கப்பல்

தோவாளைச் சண்முகவடிவு கடலில் கால் நனைத்ததே இரண்டு மூன்று தடவைதான் இருக்கும். கப்பலை அவள் பார்த்ததெல்லாம் டிவியில். அப்பேர்ப்பட்டவள் ஆடி மாசக் காற்றுக்குப் பயந்து சன்னல் கதவுகளைச் சாத்திக்கொண்டு, வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து, காகிதத்தில் பாய்மரக் கப்பல் ஒட்டுகிறாள் என்றால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? புருஷன் கிருஷ்ணமணியும் சிரித்தார். பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். வாய் சும்மா இருக்காது.

“ஏட்டி, ஒனக்கு என்ன கிறுக்கா புடிச்சிருக்கு?” என்றார்.

விளையாட்டாகச் சொன்ன வார்த்தைதான். வடிவோ பசை தேய்த்த துண்டை ஒட்டாமலே பிடித்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். அந்தக் கப்பலை அவள் எடுத்ததே தனக்குக் கிறுக்குப் பிடிக்கவில்லை என்று தெரிந்துகொள்ளத்தான். அது அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்? அவள் சொன்னால்தானே தெரியும்.

பாவாடை கட்டிய வயதிலிருந்தே வடிவு பூ கட்டுகிறாள். கல்யாணமாகி அடுத்த தெருவுக்குக் குடிபோனாள், அங்கேயும் பூதான். மகள் அஸ்வதி பிறந்து, வளர்ந்து, படித்து, கட்டிக்கொடுத்து மஸ்கட்டுக்குப் போனது வரைக்கும் எல்லாச் செலவும் அந்தப் பூவிலும் டிக்கெட் பையிலும்தான் நடந்தது. விடியுமுன்னே பூச்சந்தையில் நாராயணபெருமாள் கடைக் கொட்டகையில் போய் உட்கார்ந்தாளானால், வாய் ஊர்க்கதை பேசும், கண் பஸ்ஸில் இறங்குகிறவர்களை எடை போடும், கை தன் பாட்டுக்கு மாலை கட்டும். இன்ன பூவுக்குப் பின்னால் இன்ன பூ என்று அவள் யோசித்ததே இல்லை.

பங்குனியில் ஒரு நாள் யோசித்தாள். பாதி கட்டிய மாலை கையில் இருக்கிறது. அரளி வைத்தாயிற்று. அடுத்தது வாசனைக் கொழுந்தா, கேந்திப் பூவா? தெரியவில்லை. பக்கத்தில் இருந்தவள், “என்னக்கா, இருந்த வாக்குலே ஒறங்குதியா?” என்று கேட்ட பிறகுதான் கை மறுபடியும் நகர்ந்தது. அதற்கப்புறம் ஒரு நாள் நாகர்கோவிலிலிருந்து வரும்போது தோவாளைக்கு முன்னாலேயே வெள்ளமடத்தில் இறங்கி நின்றாள். பிறந்த நாள் முதல் கடந்து போகிற ஊர். அன்றைக்கு ஒரு கடை, ஒரு மரம் அடையாளம் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடை நடத்துகிற அடுத்த வீட்டு ஷைஜாவை ஒரு தடவை “இசக்கி” என்று கூப்பிட்டுவிட்டாள். அன்றைக்குத்தான் மனசை வெப்ராளம் முழுசாகப் பிடித்துக்கொண்டது, உட்காரவும் விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

இசக்கியம்மாள் என்பது அவளுடைய அக்காள் பெயர். ஆரல்வாய்மொழியில் வாழ்க்கைப்பட்டவள். வடிவுக்கு இப்போது ஆகிற வயதில்தான் அவளுக்கும் தொடங்கியது. காப்பியில் உப்பைப் போட்டாள்; எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒரு நாள் சந்தைக்கு நேரமாகிவிட்டதென்று காலிக் கூடையோடு காவல்கிணறு ரோட்டில் நடந்து போனாள், யாரும் சிரிக்கவில்லை. கடைசியில் வடிவின் முகத்தைப் பார்த்து, “நீங்க எந்த ஊரு?” என்று மரியாதையாகக் கேட்டாள். அந்த மரியாதையைத்தான் வடிவால் தாங்க முடியவில்லை. அக்காள் செத்தபோதுகூட அவ்வளவு அழவில்லை.

இதையெல்லாம் கிருஷ்ணமணியிடம் சொன்னால் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார். ஆஸ்பத்திரியில் நோய்க்குப் பேர் சொல்வார்கள். பேர் சொல்லாதவரைக்கும் வரவில்லை என்று வைத்துக்கொள்ளலாம் அல்லவா? வைத்துக்கொண்டாள். அப்போதுதான் போனில் பார்த்த வீடியோ ஒன்றில் யாரோ ஒரு டாக்டர், வயதானவர்கள் புதிதாக ஒரு வேலையைப் படித்துச் செய்தால் மூளைக்கு நல்லது என்று பேசினார். அவர் சொன்னது அவ்வளவுதான். இவளோ அதைப் பரீட்சையாக எடுத்துக்கொண்டாள். புதிய வேலை ஒன்றை முதலிலிருந்து முடிவு வரை செய்ய முடிந்தால் தனக்கு ஒன்றுமில்லை. முடியாவிட்டால் என்ன என்பதை நினைத்துப் பார்க்கவே அவளுக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் ஷைஜா கடையில் கனத்த தாள்கள் சில கண்ணில் பட்டன.

“இது என்ன மக்கா?”

“காகிதக் கப்பல் அக்கா. ஸ்கூல் புராஜெக்டுன்னு ஒரு பொண்ணு பிரிண்ட் எடுக்கச் சொல்லிட்டு வரவே இல்ல. வெட்டி, மடக்கி, ஒட்டணும். இங்கிலீசுல எழுதியிருக்குன்னு பயப்படாண்டாம். படமும் நம்பரும் இருக்கு. நம்பர் தெரிஞ்சா போதும்.”

“நம்பர் தெரியும்,” என்றாள் வடிவு. இன்றைக்குத் தெரியும் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதல் நாளே கோட்டை விட்டாள். வெட்டின துண்டுகளின் ஓரத்தில் சின்னச் சின்னதாக வெள்ளைப் பல் மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பூவில் அதிகப்படியான காம்பைக் கிள்ளிப் போடுகிறவள் அதை விட்டுவைப்பாளா? சுத்தமாக நறுக்கித் தள்ளிவிட்டாள். பிறகு ஒட்டப் பார்த்தால் ஒன்றோடொன்று ஒட்ட இடமே இல்லை. கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாள். இதோ வந்துவிட்டது, இசக்கிக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது என்று தாள்களை வாரிக்கொண்டு ஷைஜாவிடம் ஓடினாள்.

ஷைஜா சிரித்தாள். “அக்கா, அந்தப் பல்லுலதான் பசை தேய்க்கணும். மொதல்ல செய்யுகவங்க எல்லாரும் இதத்தான் வெட்டுவாங்க. நானும் வெட்டியிருக்கேன்.”

“நெசமாவே எல்லாருமா?”

“எல்லாரும்தான்.”

“ஒன் வயசுக்காரங்களுமா?”

ஷைஜா ஒரு மாதிரி பார்த்துவிட்டு, வேறு தாளில் மறுபடியும் எடுத்துக் கொடுத்தாள்.

அதன்பிறகு ஒவ்வொரு மதியமும் அதே பாடுதான். கப்பலின் வயிற்றை ஒட்டினால் வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கம் வளைந்தது. பிரித்து மறுபடி ஒட்டினாள். பசை விரலில் ஒட்டி, விரல் கப்பல் பாயில் ஒட்டி, சவம், எழவு என்று தாளைத் திட்டினாள். ஒரு நாள் கிருஷ்ணமணி முன்கதவைத் திறந்ததும் காற்று உள்ளே புகுந்து துண்டுகளையெல்லாம் அள்ளிக்கொண்டு போயிற்று. பொறுக்கி அடுக்கினால் ஒரு நம்பர் இல்லை. அந்தத் துண்டை வெட்டினோமா, வெட்டினதாக நினைத்துக்கொண்டிருக்கிறோமா? சோறு இறங்கவில்லை. மறுநாள் வீடு கூட்டும்போது அண்டாவுக்கு அடியிலிருந்து அது கிடைத்தது. காகிதத் துண்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டவள் தோவாளையில் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

நாள் போகப் போகக் கை பழகியது. ஈர்க்குச்சியில் தாளைச் சுற்றிப் பாய்மரம் உருட்டினாள். பாய்களை டம்ளரில் வளைத்துக் காற்று ஊதின மாதிரி புடைக்க வைத்தாள். கடைசியில் மரத்துக்கு மரம் நூல் கட்டுகிற வேலை வந்தது. அங்கே அவளுக்கு நம்பர் வேண்டியிருக்கவில்லை. முடிச்சு தானாக விழுந்தது. விரல் ஓடிற்று. ஒரு வெள்ளிக்கிழமை மதியம் கடைசி முடிச்சைப் போட்டு, மேசையைத் தடவிப் பார்த்தாள். ஒரு துண்டு மிச்சமில்லை. கொஞ்சம் கோணல்தான், ஆனாலும் கப்பல். யாருமில்லாத வீட்டில், “எனக்கு ஒண்ணுமில்ல,” என்று சத்தமாகவே சொன்னாள். பங்குனிக்குப் பிறகு அன்றைக்குத்தான் நெஞ்சு நிறைய மூச்சு வந்தது.

குளித்தாள். விளக்கேற்றினாள். சந்தைப் பக்கம் சேக்காளிகளோடு பேசிவிட்டுக் கிருஷ்ணமணி வந்தார்.

“கப்பல் முடிஞ்சுதா?”

“முடிஞ்சுது. வந்து பாருங்க,” என்று பெருமையாக அறைக்குக் கூட்டிப்போனாள்.

மேசையில் கப்பலைக் காணவில்லை. வாழையிலை ஒன்று எதையோ மூடிக் கிடந்தது. பக்கத்தில் சொம்பு. வடிவு இலையைத் தூக்கினாள். பாய்கள் நனைந்து ஒன்றோடொன்று அப்பிக் கிடந்தன. மரங்கள் சாய்ந்து, கப்பலின் வயிறு ஊறிப் பிளந்துவிட்டது. மேசை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

“யாரு தண்ணி தெளிச்சா?” என்றாள்.

வீட்டில் யார் இருந்தார்கள்? கதவு அவர் வரும்வரை உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அவளேதான் பின்பக்கம் போய் இலை அறுத்து, கழுவிக் கொண்டுவந்து, தண்ணீர் தெளித்து மூடியிருக்க வேண்டும். அதில் ஒன்றுகூட அவள் நினைவில் இல்லை.

கிருஷ்ணமணி விழுந்து விழுந்து சிரித்தார். “ஏட்டி, கட்டி முடிச்ச மாலைய நீ என்ன செய்வ? தண்ணி தெளிச்சு எலையப் போட்டு மூடுவ. கை அதச் செஞ்சிட்டுது. அவ்வளவுதான். நான் ரிட்டயர் ஆன பொறவு கல்யாண வீட்டுப் பந்தியில நின்னுக்கிட்டு, ‘உள்ள போங்க, உள்ள போங்க, படியில நிக்காண்டாம்’னு சத்தம் போடலியா?”

போட்டார். அதைச் சொல்லிச் சொல்லிச் சொந்தக்காரர்கள் ஒரு மாசம் சிரித்தார்கள். வடிவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கைப்பழக்கம்! எவ்வளவு நல்ல வார்த்தை. அந்த நிம்மதியில் வாய் திறந்துகொண்டது. பாதி மாலையோடு திகைத்து நின்றது, வெள்ளமடத்தில் இறங்கினது, ஷைஜாவைப் பேர் மாற்றிக் கூப்பிட்டது, இந்தக் கப்பலை எதற்காகச் செய்தாள் என்பது எல்லாவற்றையும் கொட்டினாள்.

“அதெல்லாமும் இதுபோலத்தானே? ஒண்ணுமில்லாததுக்குப் பயந்து செத்தேன். இல்லியா?”

கிருஷ்ணமணியின் சிரிப்பு நின்றுவிட்டது. நனைந்த பாயை விரலால் நீவிக்கொண்டிருந்தார்.

“இல்லியான்னு கேக்கேன்லா. சொல்லுங்க.”

“வடிவு,” என்றார். “கொஞ்ச நாளாட்டு நீ எனக்கு ராத்திரி ரெண்டு வாட்டி சோறு வெளம்புதே.”

“என்னது?”

“எல்லா நாளும் இல்ல. நான் தின்னு கையக் கழுவிட்டு டிவி முன்னால இருப்பேன். கொஞ்சம் கழிஞ்சு நீ வந்து, ‘சோறு ஆறிப்போவுது, வாருங்க’ன்னு கூப்பிடுவ. போனா, தட்டு வச்சிருப்ப.”

“நீங்க என்ன செய்வியள்?”

“வந்து இருந்து தின்னுவேன்.”

இத்தனை நாளும் அவள் பயந்தது வந்துவிடுமோ என்றுதான். அதுவோ ஏற்கெனவே வந்து, வீட்டில் இருந்து, இவர் தட்டில் சோறும் போட்டிருக்கிறது.

“ஏன் எனக்கிட்ட சொல்லல்ல?”

“எனக்கும் பயமாட்டு இருந்துது,” என்றார் அவர். “இசக்கிக்கு வந்தத நானும் பாத்தவன்தானே. சொன்னா நெசமாயிரும்னு நினைச்சேன்.”

“முழுசும் தின்னியளா?”

“மிச்சம் வச்சா நீ ஏன்னு கேப்ப.”

“வயிறு என்னத்துக்கு ஆவும்?”

“ஒறக்கம் வராது. எழும்பி நடப்பேன்.”

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெளியே காற்று கதவை ஆட்டிக்கொண்டிருந்தது.

“திங்கக்கிழம ஆஸ்பத்திரிக்குப் போவோம்,” என்றாள் வடிவு. “டாக்டர் சொல்லுகத நீங்களும் கூட இருந்து கேக்கணும். இனிமே ரெண்டாம் வாட்டி தின்னாண்டாம். தின்னாச்சுன்னு சொல்லிருங்க.”

“நீ பயப்படுவ.”

“பயப்படுவேன். ஆனாலும் சொல்லணும்.”

அன்று ராத்திரி சாப்பாடு முடிந்து கிருஷ்ணமணி டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார். வடிவு கையில் வெறும் தட்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவரைக் கூப்பிட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டாள். அவர் தட்டைப் பார்த்தார், டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

“ஒங்களுக்கு நான் சோறு வெளம்பியாச்சா?” என்று கேட்டாள்.

“ஆச்சு வடிவு. இப்பத்தான் தின்னேன்.”

“சரி,” என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்தாள்.